மாப்பிள்ளைச் சிலந்திப் பாதுகாப்பு உபகுழு

காதலுக்காக அரண்மனையைத் துறந்தவர்கள் உண்டு. கடலைத் தாண்டியவர்களும் உண்டு. ஆனால் ஒரு காதலனுக்காக உபகுழு அமைத்த பெருமை, எனக்குத் தெரிந்தவரை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் தொடர்மாடியின் நலன்புரிச் சங்கத்துக்கு மட்டுமே உரியது. அதன் தலைவர் என்ற முறையில், தற்பெருமை சற்றும் கலக்காமல் இந்த வரலாற்றை எழுதி வைக்கிறேன்.

காதலன் ஒரு புலிமுகச் சிலந்தி. விரித்த கையளவு இருப்பார், காலெல்லாம் மயிர். மழை தொடங்கிய ஒரு மாலையில் அவர் லிஃப்டுக்குள் புகுந்து, சரோஜினிதேவி ரீச்சரோடு மூன்றாம் மாடிவரை பயணம் செய்தார். ரீச்சர் கத்தவில்லை. ஓய்வுபெற்ற உப அதிபர்கள் கத்துவதில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"தலைவர், லிஃப்டுக்குள்ள எங்கட பில்டிங்கைச் சேராத ஒராள் நிக்கிறார்."

செருப்போடு ஓடி வந்தவர்கள் பலர். அடிக்கவிடாமல் தடுத்தவள் என் மகள் சுபோதினி. பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் உத்தியோகம், தாயில்லாப் பிள்ளை, வயது முப்பத்தாறு. பழைய மீன்தொட்டி ஒன்றைக் கவிழ்த்துச் சிலந்தியைப் பிடித்தாள். பிறகு தெரிந்த விலங்கியல் விரிவுரையாளர் ஒருவரை அழைத்து, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் விட்டாள்.

"அது ஆண்," என்றார் அவர். "பருவத்துக்கு வந்தா இருந்த இடத்தை விட்டிட்டுப் பெண்ணைத் தேடி நடக்கும். பெண் தன்ரை பொந்தை விட்டு அசையாது. பக்கத்தில பழைய மரம் ஏதும் நிக்குதோ?"

நின்றது. எங்கள் பின்மதிலுக்கு அப்பால், பக்கத்து வளவில், பொந்து விழுந்த ஒரு மாமரம்.

"அப்ப அதிலதான் பெண் இருக்கும். கொண்டுபோய் அந்த மரத்தில விடுங்கோ. சுணக்க வேண்டாம். இந்தப் பருவத்தோட அதின்ரை ஆயுள் முடிஞ்சிடும்."

இவ்வளவு பாரதூரமான விடயத்தை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்ய முடியுமா? அவசரப் பொதுக்கூட்டம் கூட்டினேன்.

"இதுக்கு என்னத்துக்கு சேர் கூட்டம்?" என்றார் கீழ்மாடி ஹாஷிம். புடைவைக் கடைக்காரர். நல்ல மனிதர், நிர்வாக அநுபவம் போதாது. "மரம் இந்தா, மதிலுக்கு அங்கால. தும்புத்தடியில ஏத்திக் கொண்டுபோய் வெச்சிட்டு வாறேன்."

அப்போதுதான் ரீச்சர், இணையத்தில் வாசித்த ஓர் உண்மையைச் சபைக்கு வெளியிட்டார்.

"சேர்ந்து முடிஞ்ச கையோட பெண் ஆணைப் பிடிச்சுத் தின்னுமாம்."

மணமான ஆண்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லா முறையும் இல்லை ரீச்சர், எப்பவாவதுதான்," என்றாள் சுபோதினி.

"எப்பவாவது எண்டாலும் தின்கிறது தின்கிறதுதானே பிள்ளை."

அந்த இடத்திலேயே உபகுழு உருவாயிற்று. பெண்ணைப் பற்றித் தீர விசாரித்து முடியும்வரை ஆண் மீன்தொட்டியிலேயே 'பாதுகாக்கப்படுவார்' என்று தீர்மானித்தோம். விசாரிப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய வேலையா? பெண் எவ்வளவு காலமாக அந்த மரத்தில் இருக்கிறார், முன்பு யாரையாவது தின்றவரா, பொந்து சொந்தமா என்று ரீச்சர் பல்கனியில் நின்று பைனாகுலரால் ஆராய்ந்தார். பெண் வீட்டார் பேசி வராமல் நாங்கள் இறங்கிப் போவது மதிப்பில்லை என்றும் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மணல் போட்டோம், மரப்பட்டை போட்டோம், வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கரப்பான் பிடித்துக் கொடுத்தோம். அவரோ மாமரத்தைப் பார்த்த கண்ணாடியில் ஏறுவதும் வழுக்கி விழுவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தார். தேகப்பயிற்சிக்கும் வசதி செய்யப்பட்டுள்ளதாகக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

"அப்பா, அதை விடுங்கோவன்," என்றாள் சுபோதினி ஒருநாள்.

"வெளியில காகம், பூனை. போற இடத்தில ஆளைத் தின்கிற பொம்பிளை. அப்பா ஒண்டும் யோசிக்காமச் செய்யமாட்டன்."

"எனக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்."

உண்மைதான். பாதுகாப்புத் துறையில் எனக்கு நீண்ட அநுபவம் உண்டு. கனடா மாப்பிள்ளை பேசி வந்தபோது அவளைக் குளிரிலிருந்து காப்பாற்றினேன். டாக்குத்தர் மாப்பிள்ளை வந்தபோது அவருடைய இராத்திரி டியூட்டியிலிருந்து காப்பாற்றினேன். அவளோடு வேலை செய்யும் ஜிந்துப்பிட்டிப் பிரதீஸ், நேரே வீட்டுக்கு வந்து பெண் கேட்டான். "தீர விசாரிச்சிட்டுச் சொல்லுறன் தம்பி," என்றேன். அது நடந்து ஆறு வருடம். விசாரணை திருப்திகரமாக நடைபெற்று வருகிறது.

"பிரதீசுக்கு வாற வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து அப்பா," என்றாள் அவள், தொட்டியைப் பார்த்தபடி. "வீட்டில பாத்த பிள்ளையாம்."

"பாத்தியே? நிலையில்லாத பொடியன் எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

மகளை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய நிம்மதியில் நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மழை ஓய்ந்தது. ஒரு காலையில் மாப்பிள்ளை கால்களை மடக்கிக்கொண்டு, கண்ணாடியோரமாகக் கிடந்தார். ஹாஷிம் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாவம் சேர், அண்டைக்கே மரத்தில வெச்சிருக்கலாம்," என்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. உடனே அநுதாபக் கூட்டம் கூட்டினேன்.

பிரேரணையை நானே எழுதினேன். குரல் நல்லதென்று சுபோதினியை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்று நிதானமாக வாசித்தாள்:

"காகமோ பூனையோ அண்டாமல், வேளாவேளைக்கு உணவு தவறாமல், உடம்பில் ஒரு கீறலும் விழாமல், எமது பூரண பாதுகாப்பின் கீழ் அன்னார் அமைதியாகக் காலமானார். எமது கடமையைக் குறைவறச் செய்தோம் என்பதில் நாம் மனநிறைவடைகிறோம்."

பலத்த கைதட்டல். தாளை வாங்கக் கையை நீட்டினேன். அவள் அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"இது என்னட்டை இருக்கட்டும் அப்பா. பேரை மட்டும் மாத்தினா எனக்கும் பொருந்தும்."

ஆட்சேபனை உண்டா என்று, வழக்கம்போல் சபையைப் பார்த்தேன். சபை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.