ஆரம்பசூரரும் ஆறு தந்திகளும்

கிட்டார் மறுபடியும் சுருதி இறங்கியிருந்தது.

நேற்று மாலை வகுப்பிலிருந்து கொண்டுவந்தபோது எல்லாத் தந்தியும் ஒழுங்காகத்தான் பேசின. இப்போது ஒரே ஒரு மீட்டலுக்கு, ஆறும் ஆறு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டன. கண்ணாடிக்காரர் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அதையே முறைத்தார்.

கடைத்தெருவில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எப்பேர்ப்பட்ட கோணல் மூக்கிலும் கண்ணாடியை வழுக்காமல் உட்கார வைத்துவிடுவார் என்று பேர். ஆனால் குடும்பத்தில் அவருக்கு வேறு பேர்: ஆரம்பசூரர். வைத்தவர் சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன். பொருந்தாத பேர் என்று சண்டைக்குப் போகவும் வழியில்லை. நீச்சல் கற்கப் போனவர், காலை உதைக்கக் கற்றதோடு கரையேறிவிட்டார். உடற்பயிற்சிக்கு வாங்கிய சைக்கிள் பால்கனியில் துண்டு காயப்போட உதவுகிறது.

போன முறை எல்லோரும் கூடியிருந்தபோது சகலை, "அண்ணே, அடுத்து எதைப் பாதியில விடறதா உத்தேசம்?" என்று கேட்டார். வீடே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். சகலை சிரித்ததை அவர் பொறுத்துக்கொண்டார். மனைவி சிரித்தது அவரைச் சுட்டது.

"உன் பொறந்த நாளுக்கு ஒரு பாட்டை முழுசா கிட்டார்ல வாசிக்கிறேன். எல்லாரும் வந்து கேளுங்க" என்று அங்கேயே சொல்லி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அதிலிருந்து அவர் மும்முரமாகத்தான் இருந்தார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிற்று. கடையில் வாடிக்கையாளருக்கு லென்ஸ் மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்கும்போதுகூட இடது கை மேசை விளிம்பில் தந்தி பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் கட்சியில் இருந்தது மாமனார் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, பெரிய மகளோடு வந்து தங்கியிருந்தார்.

"யார் சிரிச்சாலும் விட்டுடாதீங்க மாப்பிள்ளை. பயிற்சிதான் முக்கியம்" என்பார்.

இன்றைக்கு அவரிடமே கேட்டுவிட்டார் கண்ணாடிக்காரர். "மாமா, நான் இல்லாத நேரத்துல யாராவது இதை எடுத்து வாசிச்சுப் பார்க்கறாங்களா?"

"இதையா? நல்லா கேட்டீங்க! ஒருத்தரை நெருங்க விடுவேனா? அது என் பொறுப்பு."

"எனக்கு அதைத் தொட வேற வேலை இல்லைன்னு நினைச்சீங்களா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

ஆக, ஆள் யாருமில்லை. குறை கிட்டாரில்தான்.

கிட்டாரின் தலையில் தந்திக்கு ஒன்றாகத் தட்டையான திருகுகள் இருக்கின்றன. இம்மி முறுக்கினால் சுருதி ஏறும், இம்மி தளர்த்தினால் இறங்கும். போனில் அதற்கென்று ஒரு செயலி உண்டு. சுருதி சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. கண்ணாடிக்காரர் போனையே பார்த்தபடி ஒவ்வொரு திருகாகத் திருகி, ஆறுக்கும் பச்சை வாங்கி முடிக்கும்போது பயிற்சி நேரம் முடிந்து சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மறுநாள் மாலை எடுத்தால் பழைய குருடி. அவருக்கு வாசிக்க வந்ததோ இல்லையோ, சுருதி சேர்க்க நன்றாக வந்துவிட்டது.

"தந்தி பழசு சார். மாத்திடுங்க" என்றார் கிட்டார் வாத்தியார். வயதில் சின்னவர்தான், பொறுமையும் வயதுக்கேற்ற அளவில்தான் இருந்தது.

புதுத் தந்தி போட்டார். பச்சை விளக்குக்காக முறுக்கிக்கொண்டே போனதில் ஒன்று பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு இழுத்தது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைப் பார்த்துவிட்டு, கரிசனத்தோடு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று விசாரித்தார்கள். அது மனைவியின் காதுக்குப் போக, வீட்டில் உண்மையாகவே பிரச்சினை வந்தது.

"புதுத் தந்தியும் நிக்கலையா? அப்போ வெயில் படுது சார். நிழலான ரூமா பார்த்து வைங்க" என்றார் வாத்தியார்.

வீட்டில் வெயில் எட்டிப் பார்க்காத அறை மாமனாருடையதுதான். கேட்க வேண்டிய தாமதம், மாமனார் தன் கட்டிலை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"இனிமே கவலையை விடுங்க மாப்பிள்ளை. என் கண் முன்னாலயே இருக்கும். தூசு துரும்பு படாம பார்த்துக்கறேன்."

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பெல்லாம் கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலாவது சுருதி அப்படியே நிற்கும். இப்போது அதுவும் போயிற்று.

கண்ணாடிக்காரருக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணுக்குக் குறை இருந்தால் கண்ணாடி போடலாம், காதுக்குக் குறை இருந்தால்? வீட்டில் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார்.

டாக்டர் காதில் எதையோ மாட்டி, விதவிதமாக ஒலி எழுப்பிப் பார்த்தார். "உங்க வயசுக்கு இவ்வளவு சுத்தமான காதை நான் பார்த்ததே இல்லை. ஊசி விழுந்தா கேக்கும்."

"அப்போ குறை எங்க டாக்டர்?"

"காதுக்கு அந்தாண்ட போனா அது வேற டாக்டர் சார்."

சட்டைப்பையில் இருந்த பரிசோதனைச் சீட்டு துணி துவைக்கும்போது மனைவி கையில் சிக்கியது.

"ஊசி விழுந்தாகூட கேக்குமாமே! அப்ப இத்தனை வருஷமா நான் கூப்பிட்டப்பல்லாம் கேக்காத மாதிரி இருந்தது நடிப்பா?"

அன்றிலிருந்து முதல் அழைப்பிலேயே எழுந்து போக வேண்டியதாயிற்று. இருந்த கொஞ்சநஞ்ச பயிற்சி நேரமும் அதில் கரைந்தது.

பிறந்த நாள் நெருங்கியபோது வாத்தியார் கையை விரித்துவிட்டார். "வீட்டுல இதை வெச்சு என்னதான் சார் பண்றீங்க? துணி அடிச்சுத் துவைக்கறீங்களா?"

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், இந்த ஒண்ணையாவது நான் முடிக்கணும். வேற எதுவும் வேண்டாம்."

வாத்தியாருக்கு மனசு இளகிற்று. சுவரில் மாட்டியிருந்த தன் சொந்தக் கிட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். "வாங்கின நாள்லேர்ந்து இது சுருதி மாறினதே இல்லை. விழா முடிஞ்சதும் பத்திரமா கொண்டாந்துடுங்க."

மறுநாள் மாலை அந்தக் கிட்டார் பூனை மிதிபட்டது போல் கத்திற்று.

வாத்தியார் அதை வாங்கி மீட்டிப் பார்த்தார். அப்புறம் கிட்டாரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்காரரைத்தான் பார்த்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. சில பேருக்குக் கை ராசி அப்படி. அன்னைக்கு வாசிக்க உட்கார்ற நிமிஷத்துக்கு முன்னாடி சுருதி சேர்த்துடுங்க. உடனே வாசிச்சு முடிச்சுடுங்க. நடுவுல மூச்சுகூட விடாதீங்க."

பிறந்த நாளும் வந்தது. கண்ணாடிக்காரர் மாமனார் அறையில் உட்கார்ந்து வாத்தியாரின் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தார். ஆறும் பச்சை. சன்னமாக ஒருமுறை முழுப் பாட்டையும் வாசித்துப் பார்த்தார். எங்கும் தடுக்கவில்லை. அவரே நம்பவில்லை. கூடத்துக்குக் கொண்டுபோய் நடு நாற்காலியில் கிட்டாரைச் சாய்த்து வைத்தார்.

வாசலில் சகலையின் கார் சத்தம் கேட்டது.

"ஏங்க! இந்தச் சட்டையோடவா உட்காரப் போறீங்க? முதுகெல்லாம் வேர்வை!"

முதல் அழைப்பிலேயே எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குள் சகலை கையில் காபியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தாகிவிட்டது. கண்ணாடிக்காரர் கிட்டாரை எடுத்தார். மனைவியைப் பார்த்துச் சிரித்தார். முதல் மீட்டல்.

சகலையின் காபி தளும்பிச் சட்டையில் சிந்தியது.

நிறுத்தினால்தானே ஆரம்பசூரர்? கண்ணாடிக்காரர் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். விரல்கள் எல்லாம் சரியான இடத்தில்தான் போய் உட்கார்ந்தன. வந்த சத்தம்தான் எந்தப் பாட்டிலும் சேராததாக இருந்தது.

"அண்ணே, வாபஸ் வாங்கிக்கறேன். இதை நீங்க பாதியிலயே விட்டிருக்கலாம்" என்றார் சகலை.

இந்த முறை மனைவி சிரிக்கவில்லை. எல்லோரும் கிளம்பிப் போனபின் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவர் கிடக்கறார். விரலெல்லாம் காய்ச்சுப்போற அளவுக்கு நீங்க ஒண்ணை விடாம செஞ்சு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது போதும்."

"மத்ததெல்லாம் நான் விட்டேன். இது என்னை விட்டுடுச்சும்மா" என்றார் கண்ணாடிக்காரர். கிட்டாரை உறைக்குள் தள்ளினார். நாளைக்கே வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வகுப்பிலிருந்தும் நின்றுவிடுவது என்று முடிவு செய்தார்.

மாமனார் வந்து எதிரில் நின்றார். அவர் முகமும் செத்துப்போயிருந்தது.

"மனசு விட்டுடாதீங்க மாப்பிள்ளை, என் பங்குக்கு நானும் ஒரு குறையும் வைக்கலை" என்றார் அவர். "நீங்க வாசிச்சு வெச்சுட்டுப் போனா அது தலையில இருக்கற திருகெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு கோணல்மாணலா நிக்கும், தினமும் நீங்க கடைக்குப் போனதும் நான்தான் ஒவ்வொண்ணா நேராத் திருப்பி வரிசையா நிறுத்தி வைப்பேன், இன்னைக்கு விருந்தாளிங்க முன்னாடி அசிங்கமா இருக்கக் கூடாதுன்னு நீங்க சட்டை மாத்தப் போனப்பகூட ஒரு தடவை நிறுத்தினேன்!"