பின்னறைக் கதிர்வீச்சு

தப்பு முழுக்க அந்த மீட்டர்காரர் மேல்தான். கிரானைட் விற்கிற கல்கடைக்காரர் வீட்டுக்கு வந்து கிணற்றுத் தண்ணீரை நாலு பாட்டிலில் பிடித்தார். தோட்டத்து மண்ணையும் மணலையும் பைகளில் கட்டினார். கிணற்றடிப் பாறைக்கு டாக்டர் மாதிரி கருவியை வைத்து வைத்துப் பார்த்தார். இயற்கையாக எதில் எவ்வளவு கதிர்வீச்சு இருக்கிறது என்று ஊரெல்லாம் அளக்கிறாராம். அளக்கட்டும். ஆனால் மிச்சத்தை நாளைக்குப் பார்க்கிறேன் என்று கருவியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாமா? எந்த எண் நல்லது, எந்த எண் கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

கல்கடைக்காரருக்கு அப்போது வேறொரு தலைவலி. மச்சினன் வருகிறான். ஒரு வாரம் என்று வந்து ஒரு வருஷம் தங்குகிற ரகம். பின்னறையை ஒழித்து அவனுக்குக் கட்டிலும் போட்டாயிற்று. சிவப்பு கிரானைட் பக்கம் போனால் கருவியில் எண் ஏறுகிறது என்பதைக் கல்கடைக்காரர் கவனித்து வைத்திருந்தார். கடையிலிருந்து ஒரு பலகையைக் கொண்டுவந்து அந்தக் கட்டிலுக்கு அடியில் சொருகினார். மேலே ஒரு சாக்கு. பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க பாரு. கூடத்துல பாயிண்ட் ஒண்ணு ரெண்டு. இங்க பாயிண்ட் மூணு ஒண்ணு. ரெண்டரை மடங்கு.”

“அப்படின்னா?”

“ஆபத்து. உன் தம்பி உசுரு எனக்கு முக்கியம். வர வேண்டாம்னு சொல்லிடு.”

“எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு. சரி, அவன் நம்ம முன்னறையில படுத்துக்கட்டும். நான் கூடத்துல படுத்துக்கறேன். நீங்க இங்க வந்துடுங்க.”

“நானா? ஆபத்துன்னு சொல்றேன்ல?”

“இருபது வருஷமா கல்லோடயே பொழங்கறீங்க. ஊறிப்போன உடம்பு. இனிமே புதுசா என்ன ஏறப்போகுது?”

பேரத்தில் எவனையும் படிய வைப்பவர் அவர்.

“வாரத்துல மூணு நாள் இங்க படுக்கறேன்.”

“ஏழு.”

“கடைசியா சொல்லு.”

“கடைசியும் அதான்.”

மறுநாள் அவர் கடையில் இருந்தபோது மீட்டர்காரர் வந்து கருவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மச்சினன் வந்து முன்னறை ஃபேனுக்கு அடியில் கால் நீட்டினான். கல்கடைக்காரர் பலகையைக் கமுக்கமாகக் கடைக்குத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் ஒன்று உறைத்தது. கல் இல்லாமல் அந்த அறையை அவர் அளக்கவே இல்லையே. மூணு ஒண்ணில் கல்லின் பங்கு எவ்வளவு, தரையின் பங்கு எவ்வளவு? சுவருக்கு அந்தப் பக்கம் கிணற்றுப் பாறை வேறு. காலையில் சீப்பைப் பார்த்தார். நாலு முடி கூடுதலாக இருந்தது போலிருந்தது. நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். அதுவும் சரியாகப் படவில்லை.

நாலாம் நாள் உண்மையைக் கக்கினார்.

“அந்தக் கல்லை வச்சது நான்தான்.”

“தெரியும்.”

“எப்படி?”

“அந்த ரூமைப் பெருக்கறது யாரு?”

“அப்ப என் இடத்தைக் குடு.”

“அதெப்படிங்க? கல்லு உங்க வேலை, சரி. வெறும் ரூமுக்கு எவ்வளவுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ரூம்ல என் தம்பியைப் படுக்க வைக்க முடியுமா? அவன் உசுரு முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க. மீட்டர்காரர் வந்து அளந்து சொல்லட்டும்.”

“எப்ப வருவார்?”

“மழைக்காலம் முடிஞ்சு வர்றேன்னார். கிணத்துத் தண்ணிய மறுபடி எடுக்கணுமாம்.”

ஐயா மீட்டர்காரரே, மழையாவது வெயிலாவது. எந்தக் கிணற்றடியில் குனிந்துகொண்டிருந்தாலும் போட்டது போட்டபடி வந்து சேருங்கள். அந்த வெறும் அறையை ஒரே ஒரு தடவை அளந்து, பயமில்லை என்று அவர் மனைவி காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போங்கள். மச்சினன் முன்னறைச் சுவரில் அலமாரிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான்.