எடை மெஷினுக்கு அஞ்சிய பாரமிறக்கி

"சாமி, இந்த எடை மெஷின்ல கொஞ்சம் ஏறுங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. எதை வேண்டுமானாலும் கேள், எடையை மட்டும் கேட்காதே என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அக்காவும் வழியெல்லாம் கெஞ்சித்தான் கூட்டி வந்தாள். தங்கை கேட்டேவிட்டாள்.

பாரமிறக்கிச் சாமி மணியை ஆட்டினால் உங்கள் எடை இறங்கி அவர்மேல் ஏறிக்கொள்ளுமாம். எடையே இல்லாதவனுக்கு முட்டி எப்படி வலிக்கும்? முட்டி நொந்தவர்கள் தெருமுனைவரை நின்றார்கள். நின்றே இன்னொரு முட்டியையும் கெடுத்துக்கொண்டார்கள்.

அக்கா தபால்காரி. முட்டிக் குருத்தெலும்பைச் சரிசெய்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆறு வாரம்வரை அந்தக் காலில் இருபது கிலோவுக்கு மேல் ஊன்றினால் ஒட்டுப் போட்டது பிய்ந்துவிடும். இருபது கிலோ எவ்வளவென்று பழகத்தான் தங்கை வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த அந்த எடை மெஷின்; தினமும் அதில் காலை அழுத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. இன்றே ஊன்றுகோலைச் சாமியிடம் கொடுத்துவிட்டு வீடுவரை நடக்கப் போகிறாளாம்.

"தெய்வீகம் மெஷின்ல தெரியாதும்மா" என்றார் சாமி.

"காலையிலேர்ந்து நாப்பது பேரு எடை உங்க மேல. ரெண்டாயிரம் கிலோ! நாற்காலி உடையலியே, இரும்புல செஞ்சதா?"

"வாயை மூடுடி!" அக்கா பல்லைக் கடித்தாள். "இப்பதான் பேக்கரிக்காரர் நடந்தாரு. பஞ்சு மாதிரி இருந்துச்சாம்."

"ரெண்டு தடியனுங்க அக்குள்ல கைகொடுத்துத் தூக்கினா யானையும் பஞ்சுதான்! பேக்கரி அண்ணே, நீங்க ஏறுங்க."

பேக்கரிக்காரர் பெருமையாக ஏறினார். சீடர்கள் இருபுறமும் தாங்கினார்கள். முப்பத்தொன்று! கூட்டம் கைதட்டியது.

"இப்ப கையை எடுங்க."

எடுத்தார்கள். தொண்ணூற்றாறு.

பேக்கரிக்காரர் குனிந்து பார்த்துப் பதறினார். "போன வாரம் தொண்ணூத்தி நாலுதானே! இந்த ரெண்டு கிலோ யாரோடதுங்க?"

கூட்டம் உடனே ஒருவர் தொந்தியை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தது. அதற்குள் நாற்பது பேர் பாரம் சுமந்த சாமி பின்வாசல் வழியே மான்போலப் பறந்திருந்தார்.

"இங்க நீங்க இறக்கி வெச்சது பாரத்தை இல்ல, மூளையை" என்றாள் தங்கை. "போறப்ப மறக்காம எடுத்துட்டுப் போங்க."

திரும்பினாள். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லை. இரண்டு ஊன்றுகோலையும் இறுக்கிப் பிடித்து, ஒட்டுப் போட்ட காலைத் தரையில் பட்டும் படாமல் வைத்து, படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற, அக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. இன்னும் மூணு வாரம் இருக்கு. வர்றதுன்னா வா."

நிற்காமல் போனாள்.