சர்டிபிகேட்டைக் கொடுத்த விவரம்

மரியாதைக்குரிய மச்சான் செல்லப்பா அவர்களுக்கு, மட்டாஞ்சேரி குழந்தைசாமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை சுப்பம்மாளும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

என் மகள் மகா யாரையும் கேட்காமல் சஜியைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போய் மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய படிப்புச் சர்டிபிகேட்டைத் தரவே கூடாது என்று நீங்கள் சொன்னதை நான் இத்தனை நாளும் காப்பாற்றினேன். இப்போது காக்கநாட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதத்துக்குள் அசலைக் காட்டாவிட்டால் வேலை போய்விடுமாம், அதனால் என்மேல் புகார் கொடுத்துவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை சமரச மையத்துக்கு வரச் சொன்னார்கள். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அங்கே மஞ்சுஷா என்று ஒரு மத்தியஸ்தர். அவர் திட்டவே இல்லை. நான் எதைச் சொன்னாலும் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னார். எனக்குக் கோபம் என்றால், உங்களுக்குக் கோபம் என்கிறார். அப்புறம் எப்படிக் கோபப்படுவது மச்சான்? குரல் உயரும்போதெல்லாம் ஒரு டம்ளர் தண்ணீர் வேறு தந்தார். நாலு டம்ளர் ஆனதும் எழுந்து வெளியே ஓடினேன். வராந்தாவில் நின்ற ஆளிடம் கழிவறை எங்கே என்று கேட்டேன், கூடவே வந்து காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் சஜி. மருமகனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

திரும்பி வந்ததும், இனி ஒருவர் சொல்வதை மற்றவர் தன் வாயால் அப்படியே சொல்ல வேண்டும் என்றார் மஞ்சுஷா. மகா சொன்னாள்: "எனக்கு மகளே இல்லன்னு அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. வழியில என்னைக் கண்டா எதிர்ப்பக்கம் போயிருவாரு. அவரு மறையுற வரைக்கும் நான் அங்கயே நிப்பேன்."

நான் சொல்ல ஆரம்பித்தேன். "அப்பா எதிர்ப்பக்கம் போயிருவாரு, நான் அங்கயே..." அவள் நின்றாள் என்பதே எனக்குத் தெரியாது மச்சான். நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு என் முறை. முப்பது வருஷம் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் போய்ப் படிக்க வைத்தேன், கல்யாணத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவள் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். கடைசியில் நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள்: "கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பேன்."

மஞ்சுஷா என்னைப் பார்த்து, அவள் சொன்னது சரியா என்று மலையாளத்தில் கேட்டார். "சேட்டா, இவள் பறஞ்ஞது சரியாணோ?"

ஐந்தாவது டம்ளர் தண்ணீரை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. சரிதான் என்றேன்.

மறுநாளே சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம், சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் கொடுத்தேன். மற்றபடி பேச்சு வார்த்தை, போக்குவரத்து எதுவும் கிடையாது. அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் சர்க்கரை குறையட்டும்.

இப்படிக்கு,
குழந்தைசாமி

பி.கு.: பதிலை மட்டாஞ்சேரிக்குப் போட வேண்டாம். மகாவுக்கு மூன்றாம் மாசம், வாந்தி நிற்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் வைட்டிலாவில் அவள் வீட்டில்தான் இருக்கிறோம். சஜி சாயா நன்றாகவே போடுகிறார். தாய்மாமனை ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்கிறாள் மகா. நானும் அதையேதான் சொல்கிறேன்.