ஆனையிறவு தாண்டிய இஞ்சி லேகியம்

ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் இளையதம்பியின் ஹோர்லிக்ஸ் போத்தலை முதலில் ஒரு சிப்பாய் பார்த்தான். பிறகு நாலு பேர் பார்த்தார்கள். பிறகு அங்கிருந்த துப்பாக்கிகள் எல்லாம் பார்த்தன. உள்ளே கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று ஏதோ இருந்தது.

"குண்டா?"

"ஐயோ மாத்தையா, இஞ்சி லேகியம்."

"தின்னு காட்டு."

இளையதம்பி ஒரு விரல் வழித்துத் தின்றார். சிப்பாய்க்குச் சந்தேகம் தீரவில்லை. இன்னும் நாலு விரல்.

அவர் மனைவி கமலாட்சி, மார்பில் புற்றுநோயோடு யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கதிர்வீச்சு வைத்தியம் நடக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் கறண்ட் பிடிப்பது. அது தொடங்கிய நாள்முதல் சோற்றைக் கண்டாலே அவளுக்குக் குமட்டல். நேற்றுத்தான் நாட்டு வைத்தியர் பொன்னையாப் பரியாரியார் உருத்திரபுரத்துக்கு வீடு தேடி வந்து போத்தலை நீட்டினார்.

"வருத்தத்துக்கு ஆஸ்பத்திரி மருந்துதான், தம்பி. இது பசிக்கு மட்டும். கமலாட்சியின்ரை கையிலை குடுக்காமல் திரும்பக்கூடாது, கண்டியோ?"

"உயிர் போனாலும் குடுப்பன்."

கமலாட்சி ஆஸ்பத்திரிக்குப் போனபின் இளையதம்பி ஒரு மனிதரோடு இவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. எருதுகள் இரண்டிடமும் கதைத்துப் பார்த்தார். சொன்ன கதையையே சொல்கிறார் என்று அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன. குசினி அடுப்புக்குள் பூனை குட்டி போட்டு, குட்டிகளும் வளர்ந்து பெரிய ஆட்களாகிவிட்டன. மனிதர் வெறும் தேத்தண்ணியில் உயிர் வாழ்ந்தார். இறுக்க இறுக்க, வேட்டி அவரை மூன்று சுற்றுச் சுற்றியது.

ஆனையிறவில் சோதனை முடிந்து பஸ் மறுபடி புறப்பட்டதும் அந்த வயிற்றுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது.

"ஒரு வடை எடுங்கோ, அண்ணை" என்று பக்கத்தில் இருந்தவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வடைகள் போயின. சுற்றிய பேப்பரின் எண்ணெயும் போயிற்று.

பளையில் இயக்கப் பொடியள் மறித்தார்கள். இம்முறை புத்தியாகப் போத்தலைச் சேட்டுக்குள் ஒளித்திருந்தார். எலும்புக்கூட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் தொந்தி வைத்தால் யார் சும்மா விடுவார்கள்?

"என்னய்யா அது?"

"லேகியம், தம்பி. ஆமிக்காரனே பாத்திட்டு விட்டவன்!"

"ஆமிக்காரன் விட்டதெண்டால் நாங்கள் கட்டாயம் பாக்கவேணும். தின்னுங்கோ ஐயா. அடிவரைக்கும் தோண்டித் தின்னுங்கோ."

அதன்பின் பஸ்ஸில் ஒரு வாழைக்குலை ஏறியது. யாழ்ப்பாணத்தில் வெறும் தண்டு இறங்கியது. போத்தலில் இனி இரண்டு கரண்டிதான் மிச்சம்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். "நாட்டு மருந்து உள்ளுக்கு விடமாட்டம்."

"மருந்தில்லை அண்ணை, சாப்பாடு!"

"சாப்பாடோ? அப்ப சாப்பிட்டுக் காட்டுங்கோ, பாப்பம்."

கமலாட்சியின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. இளையதம்பி கட்டிலுக்கு அடியிலும் குனிந்து தேடினார்.

"பயப்பிடாதேங்கோ, கறண்ட் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போட்டினம்" என்றாள் அடுத்த கட்டிலில் இருந்த முள்ளிவாய்க்கால் ஜோசப்பின்.

அவர் கட்டில் விளிம்பில் குந்தினார். அவள் தலை வைத்த பள்ளம் தலையணையில் இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில், வாசம் மட்டும் மிஞ்சிய போத்தலை வைத்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"எப்பிடி அவளின்ரை முகத்திலை முழிப்பன், பிள்ளை? வாற வழியிலை அவளின்ரை பசியையும் நானே தின்னுபோட்டன்."

ஜோசப்பின் எட்டிப் போத்தலை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"மாதாவே, முழுக்க முடிஞ்சுதோ? அக்கா கேட்டால் துள்ளுவா! அவாவை லேகியம் ஒண்டும் தொடக்கூடாதெண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார், அண்ணை. போனமுறை நீங்கள் எலும்பும் தோலுமாய் வந்து நிண்டதைப் பாத்து விடியவிடிய அழுதவா. தன்ரை கையாலை வாயிலை தீத்திவிடவெண்டு பரியாரியாருக்குச் சொல்லி அனுப்பி, இதைச் செய்விச்சது உங்களுக்குத்தான்!"