பூங்கா பெஞ்சில் பறிபோன என் மூன்று பக்க மனு

லிங்கராஜபுரம், பெங்களூர்
2-10-2000, திங்கட்கிழமை

மதிப்புக்குரிய அக்கா ஜெயலட்சுமிக்கு,

உன் தம்பி ஜெயவேலு வணங்கி எழுதுவது. இங்கே நான், யசோதா, மகன் பிரகாஷ், மருமகள் மமதா எல்லோரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். தங்கவயலில் நீயும் மாமாவும் அதேபோல் இருக்கிறீர்கள் என்றும், மாமாவின் முழங்கால் படி ஏறும் அளவுக்கு வந்துவிட்டது என்றும் நம்புகிறேன். உடம்பைப் பற்றி இவ்வளவு போதும். மனசைப் பற்றி எழுதத்தான் பேனா எடுத்தேன். மாமா பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுப் படி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பார்க் இருக்கிறதே, போன தடவை வந்தபோது "இது பார்க்கா, யார் வூட்டுத் தோட்டமாவது தொறந்து கெடக்குதா?" என்று கேட்டாயே, அங்கேதான் எல்லாம் நடந்தது. ரிட்டயராகி வந்த இந்த இரண்டு வருஷமாக, காலை ஆறரைக்கு நானும் முனிகிருஷ்ணனும் இன்னும் நாலைந்து பேரும் வேப்பமரத்தடி பெஞ்சில் கூடுவோம். முனிகிருஷ்ணன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர், பேச்சில் பாதி கன்னடம் இருக்கும். முதலில் அன்றைய பேப்பர், பிறகு அதை ஒட்டி வரலாறு. வரலாறு முழுக்க என் இலாகா. ஆகஸ்டில், கன்னட நடிகரைச் சந்தனக் கடத்தல்காரன் காட்டுக்குள் கடத்திக்கொண்டு போன செய்தி வந்து, தெருவில் தமிழ் பேசவே ஊர் யோசித்த நாட்களில்கூட அவர் கன்னடத்தில் கேட்பார், நான் கன்னடத்தில் பதில் சொல்வேன், எங்கள் பேச்சு ஒரு நாள் நின்றதில்லை. "ஜெயவேலு சார் சொன்னா புக்கு சொன்ன மாதிரி" என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் அந்த பெஞ்ச்.

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், யசோதாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு டோரீன் அவளைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். டோரீன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்கும் போன் இல்லாமலே பேசக்கூடிய குரல். இரண்டு பேரும் மூன்று சுற்று நடந்துவிட்டு எங்களுக்கு எதிர் பெஞ்சில் உட்காருவார்கள். உட்காரட்டும், வேண்டாம் என்று சொன்னேனா? ஒரு நாள் நான் முனிகிருஷ்ணனிடம், "வெள்ளைக்காரனை எதிர்த்து வாளெடுத்த முதல் பெண் ஜான்சி ராணி, வருஷம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிர் பெஞ்சிலிருந்து, என் சொந்த மனைவியின் குரலில், "கிட்டூர் சென்னம்மா ஆயிரத்து எண்ணூத்தி இருபத்தி நாலுலயே எடுத்துட்டாங்க. அதுக்கும் முன்னாடி நம்ம வேலு நாச்சியார்" என்று வருகிறது! நான் திரும்பிப் பார்த்தேன். அவள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணன், "ஹௌது சார், சென்னம்மா ஃபர்ஸ்ட்டு" என்று தலையாட்டுகிறார். அத்தனை வருஷம் டிக்கெட் கிழித்த மனுஷன், எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரிய வேண்டாமா?

வீட்டுக்கு வந்து கேட்டேன், உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று. "நீங்க படிச்சிட்டுப் போடற பேப்பரை மத்தியானம் நான் படிக்கிறேன். லைப்ரரிக்கும் போறேன்" என்றாள். எத்தனை வருஷமாக என்றேன். கல்யாணமான நாளிலிருந்தாம். அக்கா, நான் தலைப்புச் செய்தி பார்த்துவிட்டுப் போடுகிறவன், அவள் உள் பக்கம் எல்லாம் படித்திருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷமாக என் வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு தயாரிப்பு நடந்திருக்கிறது!

அதற்கப்புறம் எதிர் பெஞ்ச்தான் பெஞ்ச். தினம் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போன சாவித்திரிபாய் மேல் வழியில் சாணி அடித்தார்களாம், அந்தம்மா பையில் மாற்றுப்புடவை வைத்துக்கொண்டு மறுநாளும் போனார்களாம். யசோதா சொல்லச் சொல்ல, ஓடிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் நின்று கேட்கிறார்கள். என் கூட்டாளிகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள். முனிகிருஷ்ணன் கடைசியாகப் போனார். போகும்போது, "சும்னே கேட்டுட்டு வந்துடறேன் சார்" என்றார். இன்னும் வரவில்லை.

ஒலிம்பிக்கில் மல்லேஸ்வரி பளு தூக்கிப் பதக்கம் வாங்கிய செய்தி வந்த காலையில் நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். பொறுக்க முடியாமல், "வெண்கலம்தானே, அதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டுவிட்டேன். டோரீன் எழுந்து நின்று, "ஏ மேன் ஜெயவேலு! நம்ம தேசத்துல இதுவரிக்கும் எந்தப் பொம்பளயும் வாங்கல மேன்! ரெண்டு தூக்குல இருநூத்தி நாப்பது கிலோ! நீ இன்னா தூக்குவே?" என்று கேட்டாள். யசோதா சாதாரணமாக, "பேப்பர் தூக்குவாரு. கேஸ் சிலிண்டரை வாசல்லருந்து நான்தான் உருட்டினு வரேன்" என்றாள். சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. காகம்கூடக் கத்தியது.

எனக்கும் ரோஷம் உண்டு. "ராணி, ஒலிம்பிக்குன்னு பேப்பர்ல வந்தவங்களையே சொல்றீங்களே, நம்ம வூடுங்கள்ல அப்படி ஒருத்தரைக் காட்டுங்க பாக்கலாம்" என்று சவால் விட்டேன். அதோடு வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தேன். டோரீன் கை தட்டி, "சூப்பர் ஐடியா! ஞாயித்துக்கெழம ஆளுக்கு ஒருத்தர், நேர்ல தெரிஞ்ச பொம்பளயப் பத்திப் பேசணும்" என்று அறிவித்துவிட்டாள்.

நேற்றுதான் அந்த ஞாயிறு. நான்தான் முதலில் எழுந்தேன். குடும்பத்துப் பெண்களின் பெருமை அடக்கமும் பொறுமையும்தான் என்று ஆரம்பித்து, அதற்கு உதாரணமாக என் மனுவைச் சொன்னேன். உனக்குத் தெரியாததா? எழுபத்து நாலில் சுரங்கத்தில் பாறை வெடித்து, என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போய், நான் மட்டும் பிழைத்து வந்தேனே. ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும், திரும்பக் கீழே இறங்கு என்றார்கள். நான் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் மனு எழுதி, அதைப் படித்த அதிகாரி அசந்துபோய், என்னை மேலே, ஆட்கள் வருகிற நேரம் குறிக்கிற டைம் ஆபீசுக்கு மாற்றினாரே. "அப்படி நான் போராடினப்போ, என் மனைவி ஒரு வார்த்தை பேசாம வூட்டைப் பாத்துக்கினா. அதுதான் பெண்மை" என்று முடித்தேன். சந்தானம் என்கிற ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் கை தட்டினார்.

பிறகு யசோதா எழுந்தாள். "நான் என் நாத்தனாரப் பத்திச் சொல்றேன்" என்றாள். உன்னைப் பற்றித்தான் அக்கா! எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இவரு கீழ எறங்கற கூண்டாண்ட போனாலே கை வெலவெலன்னு ஆடும். வேர்வையா ஊத்தும். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு, ஷிஃப்ட்டுக்குப் போறேன்னு டிபன் பாக்ஸ எடுத்துனு கெளம்புவாரு. என் நாத்தனார்தான், வா போலாம்னு என்னை இட்டுனு போய் அதிகாரி பங்களா கேட்டாண்ட குந்த வெச்சாங்க. மூணு நாளு. மொத நாளு வாட்ச்மேன் தொரத்தினான். ரெண்டாம் நாளு பாதிக்கப்பட்ட வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு சேந்துக்கினாங்க. நாத்தனார் ஒரு குண்டான் புளிசோறு கொண்டாந்து வாட்ச்மேனுக்கும் போட்டாங்க" என்றாள்.

அக்கா, என் காதில் இதெல்லாம் முதல் தடவையாக விழுகிறது. இருபத்தாறு வருஷம் கழித்து, பார்க்கில், ஷூ போட்ட நாற்பது பேரோடு சேர்ந்து!

மூன்றாம் நாள் காலை யசோதா என் பழைய ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, சுரங்க வாசலில் கூண்டுக்கு நிற்கிற வரிசையில் போய் நின்றாளாம். "அவரு எறங்கணும்னா நானும் எறங்கறேன்" என்றாளாம். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்பது சட்டம். கூண்டை இறக்கவும் முடியாது, வரிசையிலிருந்து இவளை நகர்த்தவும் முடியாது. கால் மணி நேரம் வேலை நின்றுபோய், அதிகாரி சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டே ஓடி வந்தாராம். நான் அன்றைக்கு மதியம் ஷிஃப்ட். வீட்டில் உட்கார்ந்து மனுவின் மூன்றாம் பக்கத்துக்கு ஸ்பெல்லிங் பார்த்துக்கொண்டிருந்தேன்!

"அப்போ அந்த மனு?" என்று வாத்தியார் கேட்டார். அவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? யசோதா தயங்கினாள். டோரீன் விடவில்லை. கடைசியில் யசோதா, "மறுநாளு ஆர்டர்ல கையெழுத்துப் போட்டப்புறம் அதிகாரி அத எங்கிட்ட குடுத்து, இது இன்னா பாஷைன்னு கேட்டாருங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முனிகிருஷ்ணன் வந்து என் தோளில் கை வைத்தார். நான் தட்டிவிட்டு, கிளம்பி வந்த ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்தேன். பெஞ்சடியில் கழற்றி விட்டிருந்த செருப்பை அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தவன், அங்கே குனிந்து பார்த்தால் ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் முனிகிருஷ்ணன் செருப்பு. என் மானத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றால் பக்கத்தில் இருந்தவன் என் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்று டீ குடித்தேன். துணிக்கடைக்காரன் இரண்டு தடவை கூப்பிட்டு, ஜோடியா செருப்பு எங்கே கிடைக்கும் என்று வழி சொன்னான்.

நான் கேட்கிறேன் அக்கா, நான் பயந்தேன் என்று அவள் எப்படிச் சொல்லலாம்? பயந்தேன்தான். கூண்டுக் கதவு மூடுகிற சத்தம் கேட்டால், போன இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நிற்கிற மாதிரி இருக்கும். அதை நான் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். அது வேறு. அதை நாற்பது பேர் முன்னால் வைப்பது வேறு.

அவளையாவது விடு. நீ? எத்தனை கல்யாணத்தில், எத்தனை காதுகுத்தில் நான் மனுக் கதையைச் சொன்னபோது, முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பறம் இன்னாடா ஆச்சி?" என்று எடுத்துக் கொடுத்தாயே! புளிசோறு போட்ட கையோடு எப்படியம்மா அப்படிக் கேட்க முடிந்தது?

ஆகவே நீ உடனடியாக யசோதாவுக்குக் கண்டித்து எழுத வேண்டும். நடப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு நடக்கச் சொல். நடந்ததை மறைத்ததற்கு எனக்கு நீ தனியாக விளக்கம் எழுது. நான் இனி அந்தப் பார்க்கில் கால் வைக்கப் போவதில்லை. என் முடிவில் மாற்றமே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோருக்கும் நல்ல படிப்பும் நல்ல வேலையும் நீண்ட ஆயுளும் அமைய, கோபத்திலும் மனதார வாழ்த்துகிறேன்.

உன் மேல் வருத்தத்தோடும், வழக்கமான பாசத்தோடும்,
ஜெயவேலு

பின்குறிப்பு (வியாழன்): காந்தி ஜெயந்தி என்று தபால் ஆபீஸ் மூடியிருந்ததால் கடிதம் வீட்டிலேயே தங்கிவிட்டது. மேலே எழுதியிருப்பதில் எதையும் செய்ய வேண்டாம். புதன்கிழமை பார்க்குக்குப் போனேன். அவர்களாகவே நகர்ந்து இடம் விட்டார்கள். எழுந்து, கூண்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நானே சொன்னேன், பயந்ததையும் சேர்த்து. கொஞ்சம் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். யசோதா ஒரே ஒரு இடத்தில்தான் திருத்தினாள். அது என் ஹெல்மெட் இல்லையாம், மாமா சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறதாம். அவருக்குத் தெரியாமல் நீ எடுத்துக் கொடுத்ததாம். மாமாவை அனுப்பிவிட்டுப் படி என்று எழுதியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிடு. உன்னை நேரில் பார்க்க வேண்டும் என்று மொத்த பெஞ்சும் கேட்கிறது.

வரும் வழியில் அவளிடம் கேட்டேன், இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று. "மேல வேலைக்கி வந்தப்பறமும் ரெண்டு வருஷம் நீங்க யார்ட்டயும் தலை நிமிந்து பேசலீங்க. மொத மொதல்ல நிமிந்தது அந்த மனுவப் பத்திச் சொல்றப்பதான். நானா கெடுப்பேன்?" என்றாள்.

அதற்கப்புறம், அக்கா, வீடு வரைக்கும் அவள் நடைக்கு ஈடு கொடுத்துக் கூடவே நடந்து வந்தேன்.