உயிரோட இருக்கிற மாதிரி சிரிங்க

என்னை யாரும் 'ஐயா' என்று கூப்பிட்டதில்லை. முதலில் கூப்பிட்டவன் திருடன்.

நான் அஞ்சாவதோடு சரி. சென்னையில், பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் இரும்பைக் கல்லில் தேய்க்கும் கிரைண்டிங் வேலை. ரிட்டயர் ஆகும்வரை அதே மிஷின்தான். ஆனபோது மொத்தமாக வந்த பணத்தை அப்படியே பேங்கில் டெபாசிட் போட்டேன். என் மனைவி கன்னியம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மாற்று முட்டி வைத்தால்தான் நடக்க முடியும் என்றார் டாக்டர். அதற்கு அந்தப் பணம். வேறு பணம் கிடையாது.

பென்ஷன் வாங்குகிறவன் வருஷம் ஒருமுறை உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். மிஷினில் கைரேகை வைக்க வேண்டும். என் ரேகை கிரைண்டிங் கல்லில் எப்போதோ தேய்ந்து போய்விட்டது. சோப்பு போட்டுக் கழுவினேன். எண்ணெய் தடவினேன். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் பெண் சொன்னாள்.

"பெரியவரே, மிஷினைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஆளே இல்ல."

(எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன்.)

எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஏதோ ஒரு மிஷின் பாவம் பார்த்து விட்டது. அடுத்த வருஷம் நெருங்கும்போதே மறுபடி விரலில் எண்ணெய் தடவ ஆரம்பித்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"ஐயா வணக்கம். பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசறேன். சாப்பிட்டீங்களா?"

நான் எழுந்து நின்றேன். (போனுக்கு.)

என் பெயர், கம்பெனி பெயர், பென்ஷன் நம்பர், பிறந்த தேதி எல்லாவற்றையும் அவனே சொன்னான். என் பிறந்த தேதி எனக்கே சரியாகத் தெரியாது.

"இந்த வருஷம் கைரேகை வேணாங்கய்யா. முகம் போதும். வீட்ல இருந்தபடியே முடிச்சிரலாம்."

இதைவிட நல்ல செய்தி எனக்கு அந்த வருஷம் வரவில்லை. அவன் அனுப்பியதை அமுக்கினேன். ஏதோ ஒன்று போனில் ஏறியது. ஷேவ் பண்ணிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். தாராளமாக என்றான். ஷேவ் செய்து, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குப் போகும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதுவரை லைனிலேயே காத்திருந்தான். அவ்வளவு பொறுமை. எங்கள் பேங்கில் ஒருவருக்கும் கிடையாது.

"பென்ஷன் எந்தக் கணக்குல விழுதுன்னு பார்க்கணும். பேங்க் ஆப்பைத் திறங்கய்யா."

மகள் போட்டுக் கொடுத்த ஆப். திறந்தேன்.

"ரகசிய நம்பரை யாருக்கும் சொல்லிடாதீங்க. எனக்கும் சொல்லாதீங்க. காலம் கெட்டுக் கிடக்கு."

இதில்தான் நான் விழுந்தேன். நம்பர் கேட்டால் திருடன் என்று மகள் சொல்லி வைத்திருந்தாள். இவன் வேண்டாம் என்கிறானே. கன்னியம்மா பார்த்துவிடக் கூடாதென்று கையால் மறைத்துக்கொண்டு நம்பரை அடித்தேன். என் போனில் தெரிவதெல்லாம் அவன் போனிலும் தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெண்டாட்டிக்கு மறைத்தேன். திருடனுக்குக் காட்டினேன்.

"கண்ணைச் சிமிட்டுங்க. தலையை இந்தப் பக்கம். இப்ப சிரிங்க."

எனக்குச் சிரிப்பு வராது. என் கல்யாண போட்டோவில்கூட வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன். முயற்சி செய்தேன்.

"இன்னாய்யா, பல்லு வலியா?" என்றாள் கன்னியம்மா, கட்டிலில் இருந்தபடி.

"பத்தலைங்கய்யா," என்றான் அவன். "உயிரோட இருக்கிற மாதிரி சிரிங்க. அப்பத்தான் சிஸ்டம் எடுக்கும்."

உங்களைக் கொஞ்சம் சிரிக்கவைக்க அம்மாவிடம் சொல்லுங்கள் என்றும் சொன்னான். கன்னியம்மா என் சட்டையைப் பற்றி ஏதோ சொன்னாள். சிரித்துவிட்டேன். பல் தெரியச் சிரித்தேன். அப்படியே இருங்கள், அப்படியே இருங்கள் என்றான். இருந்தேன். தாடை வலித்தது. அந்த நேரத்தில்தான் அவன் என் டெபாசிட்டை உடைத்திருக்கிறான்.

"ஐயா, இப்ப ஒரு போன் வரும். பேங்க்னு சொல்லுவாங்க. எல்லாம் திருட்டுக் கும்பல். திட்டி வெச்சிருங்க."

சொன்னபடியே வந்தது. ஒரு பெண் குரல். ஐயாவும் இல்லை, வணக்கமும் இல்லை.

"சார், உங்க டெபாசிட்டை உடைச்சது நீங்கதானா? ஆமாவா, இல்லையா?"

"இன்னாமே, யாராண்ட உன் வேலையக் காட்டிக்கினு கீற?"

"சார், பணம் வெளிய போகப்போகுது. நீங்கதானா?"

"ஆமாமே! நான்தான் ஒடச்சேன்! என் துட்டு, நான் ஒடப்பேன், கொளுத்துவேன். உனுக்கு இன்னா? வைமே போனை!"

வைத்துவிட்டாள்.

"நல்லாக் குடுத்தய்யா," என்றாள் கன்னியம்மா. அன்று சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது பணம் எடுக்க பேங்குக்குப் போனேன். பாஸ்புக்கை மிஷினில் விட்டார்கள். கவுண்டர் பெண் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள்.

"காசு எங்க போச்சு?" என்றேன்.

குரலைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், அன்னைக்கு என்னை அப்படித் திட்டினது நீங்கதானா?"

தலையை ஆட்டினேன். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த பேங்கில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

போலீசில் புகார் கொடுத்தேன். என் ஆதார் நகலை யார் யாரிடம் கொடுத்தேன் என்று கேட்டார் ஏட்டு. ரோட்டோரம் குடை போட்டு சிம் விற்றவன், சீட்டுக் கம்பெனி, இலவசக் கண் முகாம். சொல்லிக்கொண்டே போனேன். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

"சிரிச்சியா?"

"ஆமா சார்."

"எதுக்கு?"

"உசுரோட கீறேன்னு காட்ட."

பக்கத்து மேஜைக்காரர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

யாரோ ஒருவன் கணக்கில் கொஞ்சம் பணத்தை முடக்கி வைத்திருக்கிறார்களாம். கோர்ட் மூலமாக வருமாம். வரவில்லை. அந்த வருஷம் பென்ஷனும் நின்றது. உயிரோடு இருக்கிறேன் என்று நிஜமான சான்றிதழ் கொடுக்கவே மறந்துவிட்டேன்.

இப்போது பருத்திப்பட்டில் ஒரு ஃபிளாட்டில் வாட்ச்மேன் வேலை. முன்பின் தெரியாத ஆளை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்னை வைத்திருக்கிறார்கள்.

மகள் நசரத்பேட்டையில் இருந்து வந்து கத்தினாள். அழுதாள். கன்னியம்மா கத்தவில்லை. பல நாள் பேசவே இல்லை. பிறகு, வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மா முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது வாயைத் திறந்தாள். இப்போது யார் வந்தாலும் அதையே சொல்கிறாள்.

"எங்க ஊட்டுக்காரு ஆயுசுல ஒரே ஒரு தபா சிரிச்சாரு. அதுக்கு என் ரெண்டு முட்டியும் செலவு."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கையை என் பக்கம் நீட்டுவாள். பிடித்துத் தூக்கி விடுவேன்.